தங்கமா, பிளாட்டினமா? சேலத்தில் நீண்டகாலத்துக்கு வாங்கி வைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025ஆம் வருஷம் தொடங்கும்போது ஒரு அவுன்ஸ் (31.1 கிராம்) 900 டாலர் பக்கம் கிடந்த பிளாட்டினம், அந்த வருஷம் முடிவதற்குள் 2,000 டாலரைத் தாண்டி, 2008இல் தொட்ட பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. அப்போதிருந்து, சீட்டுப் பணம் எடுத்தவர்கள், மகளுக்கு நகை சேர்ப்பவர்கள், ஏற்காட்டில் காப்பி விற்ற காசை எங்கே போடலாம் என்று யோசிப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: தங்கம் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டதே, பிளாட்டினம் வாங்கி வைக்கலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து வருஷம் வைத்திருக்கப் போகும் குடும்பச் சேமிப்புக்குத் தங்கம்தான். பிளாட்டினம் வேண்டுமென்றால் கொஞ்சமாக, அதுவும் அதை எங்கே விற்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகு. பூமியில் எது அரிதாகக் கிடைக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அவசரம் வந்த அன்று சேலத்தில் எது காசாகும் என்பதைப் பாருங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கண்ணோட்டத்தில்தான் எழுதியிருக்கிறேன். படிகளை வரிசையாகவே செய்யுங்கள், குறிப்பாக 4ஆவது படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 1: பணம் எதற்கு என்று எழுதுங்கள்

ஒரு நோட்டில் எழுதினால் போதும். மகள் கல்யாணத்துக்கு நகையாகவே வேண்டுமா? ஓய்வுக்காலத்துக்கா? தறிக்கு நூல் வாங்கவோ கடைக்குச் சரக்கு எடுக்கவோ நடுவில் அடகு வைக்க வேண்டி வருமா? அல்லது விலை ஏறினால் விற்று லாபம் பார்க்கும் பணமா? இந்த நான்கில் கடைசிப் பணத்துக்கு மட்டும்தான் பிளாட்டினத்தைப் பற்றிப் பேசவே இடம் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தை இரண்டிலுமே போட வேண்டாம், வங்கியில் வைப்பாகப் போட்டுவிடுங்கள்.

படி 2: இரண்டும் எதனால் விலை ஏறுகிறது, இறங்குகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பிளாட்டினம் அரிதானது என்று விற்பனையாளர் சொல்வது உண்மைதான். உலகச் சுரங்கங்களிலிருந்து வருஷத்துக்குத் தங்கம் ஏறக்குறைய 3,600 டன் வருகிறது, பிளாட்டினம் 170, 180 டன் போலத்தான் வருகிறது. ஆனால் அரிதாக இருப்பது மட்டும் விலையைத் தாங்கிப் பிடிக்காது. வாங்குவதற்கு ஆள் இருக்க வேண்டும்.

தங்கத்தை வாங்குவது யார்? நாம் வாங்குகிறோம், சீனர்கள் வாங்குகிறார்கள், அதற்கு மேல் உலக மத்திய வங்கிகள் வாங்குகின்றன. 2022, 2023, 2024 என மூன்று வருஷமும் வருஷத்துக்கு 1,000 டன்னுக்கு மேல் அவை வாங்கின. நம் ரிசர்வ் வங்கி 2009இல் ஐஎம்எஃப் என்ற சர்வதேச நாணய நிதியத்திடமிருந்து ஒரே மூச்சில் 200 டன் வாங்கியது, இன்று அதன் கையிருப்பு 800 டன்னுக்கு மேல். 1991இல் நாடு நெருக்கடியில் மாட்டியபோது வெளிநாட்டில் அடகு வைத்ததும் இதே தங்கத்தைத்தான். பிளாட்டினத்தை இப்படிக் கையிருப்பாக வைத்துக்கொள்ளும் வழக்கம் மத்திய வங்கிகளிடம் இல்லை.

பிளாட்டினத்தின் பெரிய வாடிக்கையாளர் வாகனத் தொழில். புகைக்குழாயில் நச்சு வாயுவைக் குறைக்கும் வினையூக்கியில் அது சேர்கிறது, அதிலும் டீசல் வண்டிகளில் அதிகம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் லாரிகளில், சங்ககிரியில் வரிசையாக நிற்கிறதே அந்த லாரிகளில்கூட, கொஞ்சம் பிளாட்டினம் இருக்கிறது. அப்புறம் கண்ணாடித் தொழில், ரசாயன ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு, கொஞ்சம் நகை. ஆகவே அதன் விலை தொழிற்சாலைகளின் தேவையோடு ஏறி இறங்கும். 2015இல் ஃபோக்ஸ்வாகன் டீசல் புகை மோசடி வெளியே வந்த பிறகு ஐரோப்பாவில் டீசல் கார் மோகம் குறைந்தது, பிளாட்டினமும் வருஷக்கணக்கில் அடிவாங்கியது. பேட்டரி கார்களுக்கு இந்த வினையூக்கி தேவையே இல்லை. ஹைப்ரிட் கார்களுக்குத் தேவை, ஹைட்ரஜன் எரிபொருள் கலங்களுக்கும் தேவை. வருங்காலத்தில் இதில் எது வெல்லும் என்பதன் மேல் பந்தயம் கட்டுவதுதான் பிளாட்டினம் வாங்குவது.

இன்னொரு விஷயம், உலகச் சுரங்கப் பிளாட்டினத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. ரஷ்யாவும் ஜிம்பாப்வேயும் அதற்கு அடுத்து. 2008 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் தட்டுப்பட்டுச் சுரங்கங்கள் சில நாள் நின்றன, மார்ச்சுக்குள் விலை 2,290 டாலர் வரை பறந்தது. ஆனால் அதே நாட்டில் 2014இல் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் நடந்தபோது விலை பெரிதாக ஏறவில்லை, ஏனென்றால் ஏற்கனவே கையிருப்பு இருந்தது. ‘சரக்கு குறைவு, விலை ஏறும்’ என்ற பேச்சை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

நம் பக்கத்துச் சேதி ஒன்றையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். திருச்செங்கோடு, பரமத்தி பக்கம் சித்தம்பூண்டிப் பாறைகளில் பிளாட்டின வகைத் தாதுக்கள் இருப்பதைப் புவியியல் துறையினர் கண்டறிந்திருக்கிறார்கள் (1997 வரை அதுவும் சேலம் மாவட்டம்தான்). சந்திரயானுக்காக நிலவு மண் போலச் செய்து சோதிக்க இஸ்ரோ பாறை எடுத்துப் போனதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். ஆனால் அங்கே பிளாட்டினச் சுரங்கம் எதுவும் இயங்கவில்லை. ‘நாமக்கல்லிலேயே கிடைக்குதாம்’ என்ற பேச்சைக் கேட்டு விலையைக் கணிக்க வேண்டாம்.

படி 3: பழைய விலையை ரூபாயில் போட்டுப் பாருங்கள்

டாலர் வரைபடத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும், நாம் சம்பாதிப்பதும் செலவழிப்பதும் ரூபாய். வரி எதுவும் சேர்க்காமல் ஒரு கணக்குப் போடுவோம்.

2008 மார்ச்சில் டாலர் 40 ரூபாய். பிளாட்டினம் உச்சத்தில் கிராம் 2,900 ரூபாய்க்கு மேல் வருகிறது, தங்கம் அப்போது அவுன்ஸ் 1,000 டாலர், அதாவது கிராம் சுமார் 1,290 ரூபாய். பன்னிரண்டு வருஷம் கழித்து 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் எல்லாம் சரிந்தபோது டாலர் 75 ரூபாய், பிளாட்டினம் 600 டாலருக்கு வந்திருந்தது. கிராம் சுமார் 1,450 ரூபாய். தங்கமும் இறங்கித்தான் இருந்தது, ஆனாலும் 1,500 டாலர் பக்கம் நின்றது, கிராம் 3,600 ரூபாய். ரூபாயின் மதிப்பு அவ்வளவு இறங்கியும் பிளாட்டினம் பாதியானது, தங்கம் மூன்று மடங்கை நெருங்கியது.

2008 உச்சத்தையும் 2020 பள்ளத்தையும் எடுத்தது வேண்டுமென்றே பிளாட்டினத்துக்குப் பாதகமான தேதிகள் என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். 2020 மார்ச்சில் வாங்கி 2025 டிசம்பரில் விற்றவருக்கு மூன்று மடங்குக்கு மேல் கிடைத்திருக்கும். அதுதான் விஷயமே. பிளாட்டினத்தில் எப்போது வாங்கினீர்கள் என்பது வாழ்வா சாவா என்ற அளவுக்கு முக்கியம். தங்கத்திலும் 1980இல் 850 டாலரில் வாங்கியவர் இருபது வருஷத்துக்கு மேல் டாலரில் நஷ்டத்தில்தான் இருந்தார், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ரூபாய் தொடர்ந்து இறங்கியதால் நம் வீட்டுத் தங்கத்துக்கு அந்த அடி அவ்வளவாக விழவில்லை.

2015 தொடக்கத்திலிருந்து பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவாகவே இருக்கிறது, அதற்கு முன் பெரும்பாலும் அதுதான் விலை கூடியது. ‘பழையபடி தங்கத்தைத் தாண்டிவிடும்’ என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பிடித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

படி 4: வாங்கும் முன்பே விற்றுப் பாருங்கள்

நிஜமாக விற்க வேண்டாம், விலை கேட்டு வந்தால் போதும். ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கும் பழைய தங்கத் தோடு ஒன்றை எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டை, முதல் அக்ரஹாரம் பக்கம் நாலு கடை ஏறி இறங்குங்கள். நாலு கடையிலும் காரட் மெஷினில் வைத்துப் பார்த்து விலை சொல்வார்கள், கடைக்குக் கடை வித்தியாசம் கொஞ்சம்தான் இருக்கும். இப்போது அதே கடைகளில் கேளுங்கள்: ‘வேற கடைல வாங்கின பிளாட்டினம் மோதிரம் இருக்கு, எடுத்துக்குவீங்களா? காசா தருவீங்களா?’

அம்மாப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி கல்யாணத்துக்கு வாங்கிய ஜோடி மோதிரத்தை விற்கப் போனார்கள். முதல் கடையில், ‘அண்ணா, நாங்க வித்ததா இருந்தா எடுத்துக்கலாம், இது வேற கடை பில்லு’ என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது கடையில் மாற்று நகை எடுத்தால் மட்டும் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். கடைசியில் வாங்கிய கடைக்கே போனார்கள், அங்கேயும் கழிவு போகத்தான் கிடைத்தது.

இதில் கடைக்காரர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை, காரணம் உலோகத்திலேயே இருக்கிறது. தங்கப் பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். பழைய தோடு, அறுந்த சங்கிலி, திருகாணி எல்லாவற்றையும் மூசையில் போட்டு, வெங்காரம் தூவி, தீயை ஊதிவிட்டால் கொஞ்ச நேரத்தில் ஓரங்கள் குழைந்து, அழுக்கு ஒரு பக்கம் ஒதுங்கி, நடுவில் ஒரே உருண்டையாகத் தங்கம் திரண்டு நடுங்கும். 1,064 டிகிரி போதும். சேலத்துச் சந்துகளில் வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைக்காரருக்கும் அந்தத் தீ பழக்கம்தான். பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேண்டும். சாதாரணப் பட்டறைத் தீ அதற்குப் பற்றாது, தனிக் கருவி, தனி மூசை, தனித் திறமை எல்லாம் வேண்டும். உள்ளூரில் உருக்கிச் சுத்தம் செய்து அடுத்த நகையாக்க முடியாத உலோகத்தை உள்ளூர்க் கடைக்காரர் எப்படித் துணிந்து காசு கொடுத்து வாங்குவார்? வெளியூருக்கு அனுப்ப வேண்டும், அந்தச் செலவும் காத்திருப்பும் நம் விலையில்தான் கழியும்.

படி 5: அடகுக் கணக்கு

நம் ஊரில் தங்கம் பாதி நகை, பாதி அவசரக் கடன். பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி, விதைப்பு என்று எதற்கும் கூட்டுறவு வங்கியிலோ மற்ற வங்கியிலோ வைத்தால் அன்றைக்கே பணம் கிடைக்கும். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வருவதாக ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. இந்த விதிகள் பேசுவது தங்க, வெள்ளி நகைகளையும் நாணயங்களையும்தான், பிளாட்டினம் அதில் இல்லை. தங்கக் கட்டி மேலும் இந்தக் கடன் கிடையாது, நாணயத்துக்கு 50 கிராம் வரம்பு இருக்கிறது. படி 1இல் ‘அடகு தேவைப்படும்’ என்று எழுதியிருந்தால் பிளாட்டினம் பற்றிய யோசனையை இங்கேயே விட்டுவிடலாம்.

படி 6: எந்த வடிவத்தில் வாங்குவது

இங்கேதான் பலர் விலையை விட்டுவிட்டுச் சேதாரத்தில் பணத்தை இழக்கிறார்கள். கையில் ஒரு லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதம் சேதாரமும் 3 சதவீதம் ஜிஎஸ்டியும் போட்டால் அந்த லட்சத்தில் தங்கமாக வருவது சுமார் 86,700 ரூபாய்க்குத்தான். அதே பணத்துக்கு 3 சதவீதக் கூலியில் நாணயம் எடுத்தால் 94,000 ரூபாய்க்குச் சற்று மேல். பிளாட்டினம் நகைக்குக் கூலி கூடுதல், 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உலோகம் 81,000 ரூபாய்க்கு வரும், விற்கும்போது 10 சதவீதம் கழித்தால் கைக்கு வருவது 73,000 கூட இல்லை. அதாவது பிளாட்டினம் விலை 37 சதவீதம் ஏறினால்தான் போட்ட காசே திரும்பும். ஆசைக்கு மோதிரம் வாங்குங்கள், தாராளமாக அணியுங்கள், அதைச் சேமிப்புக் கணக்கில் எழுதாதீர்கள்.

தங்கத்துக்குப் பல வழி இருக்கிறது. கல்யாண நகை வேண்டாதவர்களுக்கு என் முதல் தேர்வு தங்க இடிஎஃப் (பங்குச் சந்தையில் பங்கு போல வாங்கி விற்கும் தங்க ஃபண்டு), 2007இலிருந்து இந்தியாவில் இருக்கிறது. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு வேண்டும், வருஷத்துக்கு ஒரு சிறு நிர்வாகக் கட்டணம் போகும், சேதாரம் கிடையாது, திருட்டுப் பயம் கிடையாது. டீமேட் இல்லாதவர்கள் தங்க மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடலாம். அரசின் தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வரவில்லை, பழையவற்றைப் பங்குச் சந்தையில் வாங்கலாம், ஆனால் தங்க விலையைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். வங்கியில் விற்கும் நாணயம் வேண்டாம் என்பேன், வங்கி அதைத் திரும்ப வாங்காது. செயலிகளில் பத்து ரூபாய்க்கும் கிடைக்கும் டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்பில் இல்லை என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. கடைகளின் பதினொரு மாதச் சீட்டு, நகைதான் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்.

செபி நம் நாட்டில் இடிஎஃப்புக்கு அனுமதித்திருப்பது தங்கமும் வெள்ளியும். பிளாட்டினத்துக்கு அந்த வசதி இல்லாததால் நகையோ, நாணயமோ, கட்டியோதான். கட்டியாக வாங்குவதென்றால் சீல் பிரிக்காத உறை, வரிசை எண், தூய்மைச் சான்று மூன்றும் இருக்க வேண்டும், திரும்ப எடுத்துக்கொள்ளும் விதியை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தங்கத்தோடு சேர்த்துத் தொழிற்சாலைத் தேவை உள்ள இன்னொரு உலோகமும் வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால், வெள்ளி நம் ஊர்ச் சரக்கு. தரம் பார்க்கத் தெரிந்தவர்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள், ஹால்மார்க் உண்டு, இடிஎஃப் உண்டு, புதிய விதிப்படி நகைக்கடனும் உண்டு. வெள்ளியும் தாறுமாறாக ஏறி இறங்கும்தான், ஆனால் வெளியே வரும் கதவு திறந்திருக்கிறது.

படி 7: தூய்மையும் பில்லும்

தங்கத்தில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை, 22 காரட் என்றால் 916, அதோடு ஹெச்யூஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி. 2023 ஏப்ரலிலிருந்து இந்த ஆறு இலக்கக் குறி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைக் கடையில் நின்றபடியே போட்டுப் பார்த்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பிளாட்டினத்துக்கு அந்த ஹெச்யூஐடி கிடையாது. நகையில் ‘பிடி 950’ என்று பொறித்திருக்க வேண்டும், 1,000 பங்கில் 950 பங்கு பிளாட்டினம் என்று பொருள், கூடவே நகையின் எண் அச்சிட்ட சான்று அட்டை வர வேண்டும். அந்த அட்டையையும் பில்லையும் தொலைத்தால் பாதி மதிப்பைத் தொலைத்த மாதிரி. வெள்ளைத் தங்கத்தைப் பிளாட்டினம் என்று குழப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வெள்ளைத் தங்கம் என்பது தங்கத்தில் பல்லேடியமோ நிக்கலோ கலந்து மேலே ரோடியம் பூசியது. கையில் வைத்தாலே பிளாட்டினம் அதைவிடக் கனக்கும், சுத்தத் தங்கத்தையும்விட அடர்த்தி கூடுதல்.

பில்லில் உலோக எடை, கல் எடை, கூலி, வரி தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை, ஆகவே வங்கி வழியாகவே கொடுங்கள்.

படி 8: வரி

சுருக்கமாகச் சொல்கிறேன். கையில் இருக்கும் தங்கம், பிளாட்டினம் இரண்டையும் 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் வருமானத்தோடு சேரும். தங்க இடிஎஃப்புக்கு 12 மாதம் போதும். 2024 ஜூலை பட்ஜெட்டில் வந்த மாற்றம் இது. அதே பட்ஜெட்டில் இறக்குமதி வரி தங்கத்துக்கு 15இலிருந்து 6 சதவீதமாகவும் பிளாட்டினத்துக்கு 15.4இலிருந்து 6.4 ஆகவும் குறைந்தது, அன்றைக்கே கடை விலையும் இறங்கியது. உலக விலை அசையாமலேயே டெல்லியில் எடுக்கும் முடிவால் நம் விலை மாறும் என்பதை மனதில் வையுங்கள்.

படி 9: எவ்வளவு, எப்படி

மொத்தச் சேமிப்பில் உலோகம் 10, 15 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். அந்த உலோகப் பணத்தில் பிளாட்டினம் பத்தில் ஒரு பங்குக்குள். இது என் கணிப்பு, உங்கள் வீட்டு நிலைமைக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் பிளாட்டினம் பக்கம் கூட்டாதீர்கள்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு மாதாமாதம் வாங்குவது தானாக அமைந்துவிடும். ஏற்காட்டில் காப்பி, மிளகுப் பணம் வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாக வரும், வந்த வாரமே அத்தனையையும் தங்கத்தில் போடுவது பழக்கம். அதை மாற்றி, அடுத்த வருஷத் தோட்டச் செலவை ஒதுக்கிவிட்டு மீதியை ஆறு பங்காக்கி மாதத்துக்கு ஒன்றாக வாங்குங்கள். ஒரே நாளின் உச்ச விலையில் முழுப் பணமும் மாட்டாது. பிளாட்டினத்தை மட்டும் எல்லாரும் அதைப் பற்றிப் பேசும் வருஷத்தில் வாங்க வேண்டாம், பேச்சு அடங்கட்டும்.

வாங்கும்போதே விற்கும் கணக்கையும் எழுதிவிடுங்கள். தங்கத்தைத் தேவை வந்தால் விற்கலாம், இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும். பிளாட்டினத்துக்கு ஒரு இலக்கு விலை வேண்டும், அதைத் தொட்டால் பாதியை விற்றுத் தங்கத்துக்கோ வங்கிக்கோ மாற்றிவிடுங்கள்.

படி 10: வீட்டில் சொல்லி வையுங்கள்

இடிஎஃப், ஃபண்டு, பத்திரம் மூன்றிலும் வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். லாக்கரிலும் அப்படியே, முடிந்தால் மனைவியோ கணவரோ சேர்ந்த கூட்டுக் கணக்காக. பில்களின் நகல், ஹெச்யூஐடி எண்கள், பிளாட்டினச் சான்று அட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரே உறையில் வைத்து, எந்தக் கடையில் வாங்கியது, திரும்பக் கொடுத்தால் என்ன கழிப்பார்கள் என்பதையும் உங்கள் கையெழுத்தில் எழுதிச் சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் அதை விற்க வேண்டிய நாளில் கடைக்குப் போகிறவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.